“நீ என்ன பெரிய மிட்டா மிராசா?” – இந்த மிட்டா யாரு?

குகை வாசி · ஜூன் 3, காலை
வீட்ல ஏசி போடச் சொன்னா “நாம என்ன மிட்டா மிராசா”ன்னு கேக்கறாங்கல்ல, அந்த மிட்டா எதுங்க? மிட்டாய்ங்கறதுதான் தேஞ்சு மிட்டா ஆச்சு, ஊருக்கே மிட்டாய் வாங்கிக் குடுக்கற வசதி இருந்தா மிட்டா மிராசு, இதுதான் என் கணக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பைமாஷ் · ஜூன் 3, மதியம்
மிட்டாய்க்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க. மிட்டாங்கறது வருவாய்த்துறை சொல், அதுவும் நம்ம சேலம் ஜில்லாவுல நல்லாப் புழங்கின சொல். நிலவரி வசூலுக்காகச் சில கிராமங்களைச் சேர்த்து ஒரு கட்டாக்கி, நிரந்தரமா இவ்வளவு கட்டணும்னு ஒருத்தர் பேர்ல எழுதிக் குடுத்தா அந்தக் கட்டுதான் மிட்டா. வாங்கினவர் மிட்டாதார். வடசர்க்கார் (ஆந்திரக் கடற்கரை) பக்கம் முட்டா, முட்டாதார்னு எழுதுவாங்க. செங்கல்பட்டுக் காகிதங்கள்லயும் முட்டாதான்.

1792 ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில திப்பு கிட்ட இருந்து சேலமும், இன்னிக்குக் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமான பாராமகாலும் கும்பினிக்கு (கிழக்கிந்தியக் கம்பெனிக்கு) வந்துச்சு. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும், அவருக்குக் கீழ தாமஸ் மன்றோ மாதிரி உதவியாளர்களும் ஊர் ஊரா அளந்து, குடியானவன் கிட்டயே நேரா வரி வாங்கற ரயத்துவாரியைப் பழக்கினாங்க. அது ஊன்றி நிக்கறதுக்குள்ள மேலிடத்துல மனசு மாறிப்போச்சு. வங்காளத்து ஜமீன் முறையே தேவலைன்னு 1802ல 25ஆம் ரெகுலேஷன் (சட்டம்) வந்துச்சு. அதை வெச்சு ஜில்லாவைத் துண்டு போட்டு மிட்டா ஆக்கி ஏலம் விட்டாங்க. ஆக, மிட்டாதார்னா பாளையக்காரர் மாதிரி வாள் பிடிச்ச வம்சம்தான்னு நினைச்சுக்க வேண்டாம். ஏலத்துல எடுக்கப் பணம் இருந்தா போதும்.

குகை வாசி · ஜூன் 3, மாலை
அப்ப மிராசு? அதுவும் இங்கத்ததா?

பைமாஷ் · ஜூன் 3, இரவு
மிராசு அரபு வழியா வந்தது. மீராஸ்னா வாரிசுச் சொத்து. அந்த முறை வேர் விட்டது தஞ்சாவூர், செங்கல்பட்டுப் பக்கம். ஊர் நிலம் முழுக்க இத்தனை பங்குன்னு இருக்கும். பங்குக்காரர்தான் மிராசுதார். சில ஊர்ல குறிப்பிட்ட வருஷத்துக்கு ஒருக்கா நிலத்தை மாத்திப் பிரிச்சுக்குவாங்க, அதுக்குக் கரையீடுன்னு பேரு. பங்கை விக்கலாம், அடமானம் வைக்கலாம், பிள்ளைக்கு விடலாம்.

ரெண்டு பேரும் வேற வேற ஆளுங்க. மிராசுதார் தன் நிலத்துக்கு வரி கட்டறவர். மிட்டாதார் அடுத்தவன் நிலத்துக்கு வரி வாங்கி, தன் பங்கை எடுத்துக்கிட்டு மிச்சத்தைக் கஜானாவுல கட்டறவர். ரெண்டையும் ஒட்ட வெச்சது மோனைதான்னு நினைக்கிறேன். மிட்டா மிராசு, வாய்க்கு நல்லா வருது. மிட்டா கர்ணம்னு சொல்லிப் பாருங்க, எடுபடாது.

சங்ககிரி லாரி · ஜூன் 4
சின்னத் திருத்தம் பைமாஷ் அண்ணா. மிராசு நம்ம பக்கம் கேள்விப்படாத சொல் இல்லை. நிலத்துக்குச் சொல்ல மாட்டாங்க, உத்தியோகத்துக்குச் சொல்லுவாங்க. கணக்கு எழுதற கர்ண மிராசு, வரி வாங்கற மணிய மிராசு. அப்பனுக்கு அப்புறம் மகன்னு வர்ற கிராம உத்தியோகம். 1980ல பரம்பரைக் கர்ணம், மணியத்தை எடுத்துட்டு விஏஓ போட்டாங்களே, அது வரைக்கும் அந்த நினைப்பு ஊர்ல இருந்துச்சு. அதனால மிட்டா மிராசுன்னா சேலத்துக்காரன் காதுல “நிலமும் அவுங்களுது, கணக்கும் அவுங்களுது”ன்னுதான் விழுந்திருக்கும். தஞ்சாவூருக்கு ஏன் பஸ் ஏறணும்?

பைமாஷ் · ஜூன் 4, இரவு
லாரி சொல்றது இன்னும் பொருத்தமா இருக்கு. மோனையும் இருக்கட்டும், பக்கத்துலயே வெச்சுக்கலாம்.

ஒண்டிக்கடை மிளகு · ஜூன் 5
சேர்வராயன் மலையில சேலநாடு, மோகநாடு, முட்டநாடுன்னு மூணு நாடு இருக்கு. அந்த முட்டநாடுதான் முட்டா, மிட்டான்னு மாறிச்சுன்னு ஏற்காட்டுல ஒருத்தர் அடிச்சுச் சொல்றாரு.

பைமாஷ் · ஜூன் 5
இல்லீங்க. முட்டநாடு இந்த மலைவாழ் மலையாளி சனங்களோட (கேரளாக்காரங்க இல்லை) பழைய நாட்டுப் பிரிவு. கும்பினிக்காரன் போட்ட வரிக்கட்டுக்கும் அதுக்கும் ஒட்டே கிடையாது. மலை மேல இருக்கற ஒரு நாட்டுப் பேரு ஆந்திரா கடற்கரை வரைக்கும் போய் வரிச்சொல் ஆகாது.

இதே மாதிரி இன்னொரு பொறி இருக்கு. தெலுங்குல மிட்டன்னா மேட்டு நிலம். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் ஊர்ப் பேர்ல மிட்டா இருந்தா உடனே மிட்டாதார் ஊர்னு எழுதிடாதீங்க. மேட்டுப்பட்டிக்குத் தெலுங்குப் பேராவும் இருக்கலாம். ஊர் மேட்டுல இருக்கா, பழைய பத்திரத்துல அந்த ஊரை எஸ்டேட் கிராமம்னு எழுதியிருக்கா, ரெண்டையும் பாத்துட்டு அப்புறம் பேசணும்.

குகை வாசி · ஜூன் 5, இரவு
சரி, ஒரு மிட்டா எவ்வளவு பெருசு? அரண்மனை, யானை எல்லாம் உண்டா?

பைமாஷ் · ஜூன் 6
யானைக்குத் தீவனம் போட முடியாது. வடசர்க்கார்ல அரசு நேரா வெச்சிருந்த ஹவேலி நிலத்தை முட்டாவாப் பிரிச்சப்ப, ஒவ்வொண்ணும் வருஷத்துக்கு சுமார் 1,000 முதல் 5,000 நட்சத்திரப் பகோடா (தங்கக் காசு) கட்டற அளவுக்குப் பிரிச்சாங்க. ஒரு பகோடா மூணரை ரூபாய். ஆக 3,500ல இருந்து 17,500 ரூபாய். நம்ம பக்கம் வந்ததும் இதே அச்சுதான். ராமநாதபுரம், சிவகங்கை ஜமீனோட பக்கத்துல நிறுத்தினா மிட்டாதார் சின்ன ஆளு. கிராமத்துல நின்னு பாத்தாத்தான் பெரிய ஆளு.

இந்தச் சின்ன அளவுலதான் அவங்க கவுந்ததுக்கான காரணமும் இருக்கு. கட்ட வேண்டிய தொகைக்குப் பேஷ்குஷ்னு பேரு, அது மாறாது. மழை பெஞ்சாலும் காஞ்சாலும் கிஸ்தி (தவணை) தேதியில கட்டணும். ரயத்துவாரி ஊர்ல மழை பொய்ச்சா சர்க்கார் வஜா (வரித் தள்ளுபடி) குடுக்கும். மிட்டாதாருக்கு வஜா கிடையாது. குடியானவன் கிட்டக் கூடுதலாக் கறக்கலாம்னா பட்டா முச்சலிக்கா, அதாவது ரெண்டு பேரும் எழுதிக் குடுத்துக்கற ஒப்பந்தம், மாத்திக்கணும், ரீடு காலத்துத் தீர்வையே உச்சம், அதுக்கு மேல ஏத்த வழி இல்லை. ரொம்ப நெருக்கினா அவன் நிலத்தைப் போட்டுட்டுப் பக்கத்து சர்க்கார் கிராமத்துக்குப் போயிடுவான். ரீடு போட்ட தீர்வையே கொஞ்சம் தூக்கலானது. ரெண்டு வருஷம் சேந்தாப்ல காஞ்சா பாக்கி விழும், பாக்கி விழுந்தா ஜப்தி, அப்புறம் ஏலம். ஏலத்துல எடுக்க ஆளு வரலைன்னா சர்க்காரே எடுத்து மறுபடியும் ரயத்துவாரி ஆக்கிடும். சேலத்துல நிறைய மிட்டா இப்படித்தான் 1802க்கு அப்புறம் கொஞ்ச காலத்துலயே கரைஞ்சது.

சங்ககிரி லாரி · ஜூன் 6
அதாவது லோன் போட்டு லாரி எடுத்த மாதிரி. லோடு கிடைச்சாலும் கிடைக்கலைன்னாலும் டியூ தேதி மாறாது.

பைமாஷ் · ஜூன் 6
அதேதாங்க.

பைமாஷ் · ஜூன் 7
நேத்து எழுதினதுக்கு ஒரு கொசுறு. “மிட்டா மிராசு” எப்பவுமே கேள்வியாவோ நக்கலாவோதான் வருது, கவனிச்சீங்களா? “அவரு மிட்டா மிராசுங்க”ன்னு மரியாதையா யாரும் சொல்றதில்லை. “பெரிய மிட்டா மிராசு, வந்துட்டாரு”, “நான் என்ன மிட்டா மிராசா”, இவ்வளவுதான். மரியாதைக்கு ஜமீன்தார்னு ஒரு சொல் இருந்துச்சு, மிட்டா வெச்சிருந்தவங்களும் அதையே போட்டுக்கப் பிரியப்பட்டாங்க. நம்ம பழைய சேலம் ஜில்லாவுல இருந்து 1926ல சென்னை மாகாண முதல் மந்திரி ஆனாரே டாக்டர் சுப்பராயன், அவரையும் குமாரமங்கலம் ஜமீன்தார்னுதான் சொல்லுவாங்க. குமாரமங்கலம் இப்ப நாமக்கல் ஜில்லா. ஜமீன் மேல போயிடுச்சு, மிட்டா மட்டும் கீழ கேலிக்கு நின்னுபோச்சுன்னு வெச்சுக்கலாம்.

ஒண்டிக்கடை மிளகு · ஜூன் 8
மலை மேல இந்தச் சொல் ஓடாது. இங்க துரைதான். “பெரிய துரை, காலையில எந்திரிக்க மாட்டாரு”. 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் காப்பி கொண்டு வந்து வெச்சதுல இருந்து தோட்டக்காரன்னாலே துரை, அவர் சம்சாரம் துரைசானி. இப்ப அடிவாரத்துல இருந்து வர்றவங்க சொல்றது “எஸ்டேட் பார்ட்டி”. பத்து ஏக்கர் காப்பி வெச்சிருக்கறவனையும் எஸ்டேட் பார்ட்டின்னுதான் பாக்கறாங்க.

அந்தப் பத்து ஏக்கர் கதையைக் கேளுங்க. மார்ச், ஏப்ரல்ல பூ மழை ஒண்ணு சரியா விழணும். அது முடிஞ்சு சில வாரத்துல இன்னொரு மழை வந்தாத்தான் பிஞ்சு நிக்கும். ரெண்டுல ஒண்ணு தப்பினா அந்த வருஷம் போச்சு. அஞ்சாறு கிலோ பழம் பறிச்சா ஒரு கிலோ சுத்தக் காப்பிக் கொட்டை. பறிகூலிதான் பெரிய செலவு. அராபிகாவுல வெள்ளைத் தண்டுத் துளைப்பான் விழுந்தா மருந்தடிச்சுக் காப்பாத்தறது கஷ்டம், செடியையே பிடுங்கி எரிக்கணும். நிழல் பத்தலைன்னா அந்தப் பூச்சி இன்னும் ஜாஸ்தி. சில்வர் ஓக்குல ஏத்தின மிளகுதான் பல வீட்ல அடுப்பெரிக்குது. பார்ட்டியாம் பார்ட்டி.

பைமாஷ் · ஜூன் 8, இரவு
மிளகு சொன்ன “எஸ்டேட்”ல ஒரு வேடிக்கை இருக்கு. மலைக்குக் கீழ சட்டப்படி எஸ்டேட்னா ஜமீன், மிட்டா, சில இனாம் (மானியமா விட்ட) கிராமங்கள். 1908ஆம் வருஷத்து எஸ்டேட் நிலச் சட்டமும் 1948ஆம் வருஷத்து எஸ்டேட் ஒழிப்புச் சட்டமும் சொல்ற எஸ்டேட் அதுதான். மலைக்கு மேல எஸ்டேட்னா காப்பித் தோட்டம். 1948ல ஒழிஞ்சது கீழ் எஸ்டேட். 1961ல நில உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர், 1970ல அது 15 ஆச்சு. அந்தச் சட்டத்துல காப்பி, டீ, ரப்பர், ஏலக்காய், சின்கோனா தோட்டங்களுக்கு விலக்கு உண்டு. கொண்டை ஊசி வளைவு ஏறுனா அதே சொல்லுக்கு வேற சட்டம்.

அதனால பழைய கோப்புல “எஸ்டேட் வில்லேஜ்”னு பாத்தா காப்பியைத் தேடாதீங்க. அது மிட்டாவா, ஜமீனா, இனாமான்னு தேடுங்க.

குகை வாசி · ஜூன் 9
துரையை ஒதுக்கி வெச்சுட்டு மைனருக்கு வாங்க. “மைனர் மாதிரி திரியறான்”னா பணக்கார வீட்டுப் பையன். ஆனா மைனர்னா வயசுக்கு வராதவன்தானே? மீசை முறுக்கிக்கிட்டு ஜிப்பாவுல சங்கிலி தொங்க விட்டவனுக்கு ஏன் அந்தப் பேரு?

பைமாஷ் · ஜூன் 10
இது நல்ல கேள்வி. விடையும் மிட்டா இருந்த அதே ரெவின்யூ கச்சேரியிலதான் (ஆபீசுலதான்) இருக்கு.

ஜமீன்தாரோ மிட்டாதாரோ செத்து, வாரிசு சின்னப் பையனா இருந்தா, எஸ்டேட்டைக் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் எடுத்துக்கும். 1804ல 5ஆம் ரெகுலேஷன், பிறகு 1902ல தனிச் சட்டம். பேரு கோர்ட்டா இருந்தாலும் நீதிமன்றம் இல்லை, ரெவின்யூ போர்டுதான். ஜில்லாவுல கலெக்டர் மேற்பார்வை, அவருக்குக் கீழ ஒரு மேனேஜர். வசூல்ல முதல்ல பேஷ்குஷ் கட்டுவாங்க, அப்புறம் அப்பன் வெச்சுட்டுப் போன கடனை அடைப்பாங்க. பையனுக்குப் படிப்பும் மாசப்படியும்.

வயசுதான் இங்க சூட்சுமம். 1875ஆம் வருஷத்து மெஜாரிட்டி சட்டப்படி ஊருக்கெல்லாம் 18. கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் பொறுப்புல இருக்கறவனுக்கும், கோர்ட்டு கார்டியன் போட்டவனுக்கும் 21. ஆக, இருபது வயசுல மீசை வெச்சு, கல்யாணமும் முடிச்சு, ஆனா காகிதத்துல “மைனர் ஜமீன்தார்”னே இருப்பான். ஊர்க்காரன் கண்ணுல பட்டது அந்த மைனர். பால் குடிக்கற மைனர் இல்லை. கையில படிக்காசு, தலையில பொறுப்பில்லை, கூட நாலு பேரு.

21 முடிஞ்சு சாவியைக் குடுக்கறப்ப எஸ்டேட்ல கடன் தீந்திருக்கும், கஜானாவுல மிச்சமும் இருக்கும். பேரு மேஜர் ஆயிடும், செலவு மட்டும் மைனராவே இருக்கும். இந்த 21 வயசு விதியை 1999ல எடுத்துட்டாங்க, இப்ப எல்லாருக்கும் 18தான்.

சங்ககிரி லாரி · ஜூன் 10
அந்தப் பசங்களைப் படிக்க வைக்கன்னே சென்னையில ஒரு பங்களா இருந்துச்சே.

பைமாஷ் · ஜூன் 10
தேனாம்பேட்டை நியூயிங்டன் மாளிகை. மைனர் ஜமீன்தார்களைத் தங்க வெச்சுப் படிக்க வெச்ச இடம். 1919ல அங்க முதல்வரா இருந்த டி லா ஹே தூக்கத்துல சுட்டுக் கொல்லப்பட்டார். குற்றச்சாட்டு அங்க படிச்ச மைனர்கள் மேலயே வந்ததால மாகாணம் முழுக்கப் பேச்சு. மைனர்ங்கற சொல்லு தெருவுக்கு வந்ததுல அந்த வழக்குக்கும் பங்கு இருந்திருக்கும்னு எனக்கு ஒரு எண்ணம். எண்ணம்தான், அடிச்சுச் சொல்லலை.

செவ்வாப்பேட்டை வெள்ளி · ஜூன் 11
மைனர் சங்கிலி பத்தி யாருமே பேசலையே. கழுத்தை ஒட்டி நிக்கற செயினை மைனர் சங்கிலின்னு சொல்ல மாட்டோம். நெஞ்சு வரைக்கும் எறங்கணும், மேல ரெண்டு பட்டன் தொறந்திருந்தா வெளிய தெரியணும், அதுக்குத்தான் அந்த நீளம். நீளம் கூடக்கூட எடை கூடும், சவரன் 8 கிராம்னு பெருக்கிப் பாத்துக்குங்க. எடையைக் குறைக்கணும்னு வளையத்தை உள்ள குழலா விட்டுச் செஞ்சா பாக்கறதுக்குத் தடியா இருக்கும், ஆனா ஒரு தடவை இழுபட்டா நெளியும், பத்த வெச்சு ஒட்டினா உள்ள பொடி தங்கிடும், மறுபடி விக்கறப்ப கழிவு கூடும். ஆம்பளைங்க போடறது முரட்டு உபயோகம், வளையம் கெட்டியாத்தான் இருக்கணும். கொக்கி பக்கத்து வளையம்தான் முதல்ல தேயும். வருஷத்துக்கு ஒருக்கா அதை மட்டும் காட்டிட்டுப் போங்க.

கவரிங்ல போட்டவனுக்குக் கடைத்தெருவுல தனிப் பேரு, கவரிங் மைனர்.

குகை வாசி · ஜூன் 11
எங்க தெருவுல ஒரு பத்திரத்துல “மைனர் இனாம்”னு பாத்தேன். அப்ப அது இந்த மைனருங்களுக்குச் சும்மா குடுத்த நிலமா?

பைமாஷ் · ஜூன் 11
சிரிச்சுட்டேன். மைனர் இனாம்னா சின்ன இனாம். முழுக் கிராமமா இல்லாம, கோயிலுக்கு, ஊர்த் தொழிலுக்கு, தனி ஆளுக்குன்னு விட்ட துண்டு நிலம். 1963ஆம் வருஷத்து 30ஆம் சட்டத்துல அதை ரயத்துவாரியா மாத்தினாங்க. ஜிப்பாவும் கிடையாது, சங்கிலியும் கிடையாது. ஆனா உங்க தெரு பத்திரத்துல அது இருந்தா விளையாட்டில்லை. கோயில் இனாமா இருந்ததான்னு பாத்துட்டு வாங்கணும். அதுல சிக்கினவங்க சேலத்துல நிறையப் பேரு.

சங்ககிரி லாரி · ஜூன் 13
மத்ததையும் ஒரு வரியில முடிச்சுடலாம். பசையுள்ள பார்ட்டி, பெரிய கை, பெரிய இடம், துட்டுக்காரன். துட்டு டச்சுக்காரன் செப்புக் காசுல இருந்து வந்தது. திருச்செங்கோடு பக்கம் போர்வெல் ரிக்குக்காரர்னா போதும், பணக்காரர்னு தனியாச் சொல்ல வேண்டியதில்லை. சேலத்துக்குள்ள சேகோ (ஜவ்வரிசி) பேக்டரிக்காரர். பசை வந்ததே மரவள்ளி மாவு காச்சற ஊர்ல இருந்துதான்னு யாராவது சொல்றதுக்குள்ள நானே சொல்லிடறேன், இல்லை. மண்ணுல பசை இருக்குன்னு மரவள்ளிக்கு முந்தியே சொல்லியிருக்கோம்.

ஒண்டிக்கடை மிளகு · ஜூன் 13
பண்ணையாரை விட்டுட்டீங்க.

சங்ககிரி லாரி · ஜூன் 13
அது தெற்கத்திச் சொல்லு. கொங்குல பண்ணையம்னா விவசாயம் பாக்கறது. “பண்ணையம் எப்படிப் போகுது”ன்னு ரெண்டு ஏக்கர்க்காரனையும் கேப்போம். வேலைக்காரங்க முதலாளியைக் கூப்பிட்டது பண்ணாடின்னு. இப்ப கூப்பிடறவங்க குறைவு, குறைஞ்சதும் நல்லதுக்குத்தான்.

குகை வாசி · ஜூன் 15
கடைசியா ஒண்ணு. கல்யாணப் பத்திரிகையில “மிட்டாதார் பரம்பரை”ன்னு போட்டு அனுப்பறாங்க. நெசமான்னு பாக்க வழி இருக்கா? சும்மா தெரிஞ்சுக்கத்தான், சண்டைக்குப் போகலை.

பைமாஷ் · ஜூன் 15, இரவு
இருக்கு. ஆனா குடும்பத்துல இருந்து ஆரம்பிக்காதீங்க, கிராமத்துல இருந்து ஆரம்பிங்க.

1948ஆம் வருஷத்து 26ஆம் சட்டத்துல எஸ்டேட்டை எடுத்தப்ப ஒவ்வொரு நிலத்துக்கும் செட்டில்மென்ட் நடந்துச்சு. குடியானவனா உழுதவனுக்கு 11ஆம் பிரிவுல ரயத்துவாரி பட்டா. ஜமீன்தார், மிட்டாதார் தன் சொந்தப் பண்ணை நிலம்னு காட்டினதுக்கு 12ஆம் பிரிவு. இனாம்தாருக்கு 13. அந்த கிராமத்து செட்டில்மென்ட் பதிவேட்டு நகல்ல, பட்டாதாரர் பேருக்கு நேரா எந்தப் பிரிவுல குடுத்ததுன்னு பாருங்க. தாத்தா பேருக்கு 12 இருந்தா பத்திரிகையில போட்டது சரி. 11 இருந்தா அவர் மிட்டாதாருக்கு வரி கட்டினவர்.

நகலுக்குப் போறப்ப சர்வே நம்பர் எடுத்துட்டுப் போகணும். எஸ்டேட் கிராமத்துப் பழைய பத்திரங்கள்ல சர்வே நம்பர் இருக்காது, பழைய அளவைப்படி போட்ட பைமாஷ் நம்பர்தான் இருக்கும். ரெண்டும் ஒண்ணில்லை. பைமாஷ் 42ஐ சர்வே 42ன்னு நினைச்சுத் தேடினா வேற ஆள் காடு வரும். நாலு எல்லையையும் பக்கத்து நிலத்துக்காரர் பேரையும் வெச்சு, எந்தப் பைமாஷுக்கு எந்த சர்வேன்னு ஒப்பிட்டுக்கிட்டுத்தான் போகணும்.

வருஷம் பசலியில, அதாவது வருவாய்த்துறை வருஷக் கணக்குல, இருக்கும். பசலியோட 590 கூட்டினா ஆங்கில வருஷம், ஜூலை முதல் தேதி ஆரம்பம். பசலி 1358ன்னா 1948 ஜூலையில இருந்து 1949 ஜூன் வரை. வில்லங்கச் சான்று ஆன்லைன்ல ஒரு குறிப்பிட்ட வருஷம் வரைக்கும்தான் பின்னாடி போகும். அதுக்கு முந்தினதுக்கு சார்பதிவாளர் ஆபீசுல மனு போட்டுக் கையாலதான் தேடணும், கிராமத்துப் பேரைப் பத்திரத்துல இருக்கற பழைய எழுத்துலயே குடுங்க.

12 இல்லைன்னு தெரிஞ்சாலும் பந்தியில போய்ச் சொல்லாதீங்க. 12 இருந்தாலும் பத்திரிகையில “முன்னாள்”னு ஒரு சொல் சேக்கச் சொல்லுங்க.

செவ்வாப்பேட்டை வெள்ளி · ஜூன் 16
மொய் எழுதறப்ப மட்டும் எல்லாரும் 11ஆம் பிரிவு.